ஜயரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) மொபுட்டு முப்பது ஆண்டுக்கு மேல் ஆண்டார், சரி. நாட்டில் எவ்வளவு தூரம் ஆண்டார்?

#1 நூலகவாசி

1996 அக்டோபரில் ஜயரின் கிழக்கு எல்லையில் கலகம் வெடித்தது. 1997 மே 17 அன்று கலகத் தலைவர் லோரென்ட் கபிலாவின் படை தலைநகர் கின்ஷாசாவுக்குள் நுழைந்துவிட்டது. இந்தியாவின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் இருக்கும் நாடு அது. நல்ல சாலைகள் அரிது. அதை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஏழு மாதத்தில் கடந்துவிட்டார்கள். ருவாண்டா, உகாண்டா, அங்கோலா மூன்றும் கபிலாவுக்குப் பின்னால் நின்றன என்பது தெரிந்ததுதான். ஆனாலும் மொபுட்டுவின் படை நின்று சண்டை போட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கெங்கே என்ற ஊரில் கொஞ்சம் கடுமையாக எதிர்த்தார்கள். அங்கும் அங்கோலா அரசை எதிர்த்த யுனிட்டா கிளர்ச்சிக் குழுவின் ஆட்கள் துணைக்கு இருந்தார்கள். மற்ற ஊர்களில் கலகப்படை வந்து சேர்வதற்கு முன்பே அரசுப் படையினர் கடைகளைச் சூறையாடிவிட்டு ஓடிப்போனார்கள்.

இதே மொபுட்டு 1965 நவம்பர் 24 அன்று ஆட்சியைப் பிடித்தவர். அவர் காலத்தில் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கும்போது மேகத்திலிருந்து அவர் முகம் இறங்கி வரும். நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் சட்டப்படி அவர் கட்சியின் உறுப்பினர். நாட்டின் பெயரை மாற்றினார், ஆற்றின் பெயரை மாற்றினார், மக்கள் வைத்திருந்த கிறிஸ்தவப் பெயர்களையும் மாற்றச் சொன்னார். கோட்டும் டையும் போடக்கூடாது என்றார், விட்டுவிட்டார்கள். இவ்வளவும் செய்ய முடிந்தவருக்கு, கடைசியில் நின்று சண்டை போட ஒரு படை ஏன் இல்லை?

என் கருத்து இதுதான். ஆட்சியில் நீடிக்க அவர் கையாண்ட வழிகளே ஆட்சி நடத்தும் திறனை அழித்தன. ராணுவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றது. ஜூலை 5 அன்றே வீரர்கள் கலகம் செய்தார்கள். பெல்ஜியத் தளபதி ஜான்சென்ஸ் கரும்பலகையில் ‘விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்’ என்று எழுதிக் காட்டினார்; அதாவது உங்களுக்குப் பதவி உயர்வு எதுவும் கிடையாது. அந்தப் படையில் ஒரு ஆப்பிரிக்க அதிகாரிகூட இல்லை. மொபுட்டுவே அதில் சார்ஜென்டாக இருந்தவர். கலகத்துக்குப் பிறகு கர்னலானார், 1960 செப்டம்பரில் ஒருமுறை ஆட்சியைக் கவிழ்த்தார், ஐந்து ஆண்டு கழித்து மறுபடி கவிழ்த்தார். ராணுவம் தலைவர்களை என்ன செய்யும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த நாட்டில் யாரும் இல்லை.

அதனால் ராணுவத்தை இரண்டாகப் பிளந்தார். அதிபர் சிறப்புப் படைக்கு இஸ்ரேலியப் பயிற்சி, ஒழுங்கான சம்பளம், தலைமையில் அவருடைய ங்பாண்டி இனத்தவர். மீதிப் படைக்குச் சம்பளம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. சீருடை போட்டவன் சாலையில் மறியல் போட்டு மக்களிடம் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். 1978 மார்ச்சில் ஒரு சதி வழக்கைச் சொல்லி, வெளிநாட்டில் படித்துத் தேறிய அதிகாரிகள் பலரைக் களையெடுத்தார், சிலருக்கு மரண தண்டனை. அதே ஆண்டு மே மாதம் கொல்வேசி சுரங்க நகரம் கலகக்காரர்கள் கையில் விழுந்தது. தடுக்க ஆள் இல்லை. பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணி பாராசூட்டில் குதித்துத்தான் மீட்டது.

ராணுவம் பலமாக இருந்தால் நம்மைக் கவிழ்க்கும், பலவீனமாக இருந்தால் நாட்டைக் காக்காது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இதைப் பற்றி நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


#2 கணக்கன்

நல்ல தொடக்கம் நூலகவாசி. நான் பணத்தின் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

1973 நவம்பர் 30 அன்று மொபுட்டு ஒரு அறிவிப்பு செய்தார். வெளிநாட்டவர் நடத்திய கடைகள், தோட்டங்கள், சிறு ஆலைகள், போக்குவரத்து நிறுவனங்கள் எல்லாம் இனி ஜயர் நாட்டவர் கைக்கு. கிரேக்கர், போர்ச்சுகீசியர், இந்தியர், பாகிஸ்தானியர் என்று உள்ளூர் வணிகத்தை நடத்திய பலரும் இதில் சிக்கினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. காலனியம் விட்டுப்போன சொத்து மண்ணின் மக்களுக்கு வரவேண்டும் என்பதில் யாருக்கு மறுப்பு? ஆனால் வாங்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கட்சி மேல்மட்டம், தளபதிகள், மாகாண ஆணையர்கள், அவர்களுடைய உறவினர்கள். மொபுட்டுவுக்கே பெரிய தோட்டங்கள் போய்ச் சேர்ந்தன.

ஒரு உள்நாட்டு ஊரில் இது எப்படி நடந்தது என்று கற்பனை செய்து பாருங்கள். கடைக்காரர் கிளம்பிவிட்டார். புது முதலாளி வந்து அலமாரியில் இருக்கும் துணி, உப்பு, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் விற்றுக் காசாக்குகிறார். அடுத்த சரக்கு எங்கே வாங்குவது, யார் கடன் தருவார், லாரி யாருடையது என்பதெல்லாம் போனவரின் தலையில் இருந்த விஷயம். அலமாரி காலியானதும் கடையைப் பூட்டுகிறார். சுற்றுவட்டார விவசாயி பருத்தியையும் காபியையும் அந்தக் கடைக்காரரிடம்தான் விற்றுக்கொண்டிருந்தான். இப்போது வாங்க ஆளில்லை. விற்றுக் காசு வந்தாலும் வாங்கச் சரக்கில்லை. அவன் எதற்குச் சந்தைக்காகப் பயிரிட வேண்டும்?

1974-இல் உச்சத்தில் இருந்த தாமிர விலை மறு ஆண்டுக்குள் பாதிக்கும் கீழே போனது. 1975-இல் அங்கோலா உள்நாட்டுப் போரால் பெங்குவேலா ரயில் பாதை அடைபட்டது. தாமிரம் கடலுக்குப் போகும் முக்கிய வழி அது. 1976-க்குள் பறித்த நிறுவனங்களைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பித் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

ஆக, விசுவாசத்தை வாங்கக் கொடுத்த பரிசு வரி வசூலையே விழுங்கிவிட்டது. 1978-இல் பன்னாட்டு நிதியம் எர்வின் புளூமெந்தால் என்ற ஜெர்மன் வங்கியாளரை ஜயரின் மத்திய வங்கியில் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவர் மேல்மட்டத்தவரின் சுமார் 50 நிறுவனங்களுக்குக் கடனையும் அந்நியச் செலாவணியையும் நிறுத்திப் பார்த்தார். ஓராண்டுகூட நிற்க முடியவில்லை. 1982-இல் வெளியே வந்த அவர் அறிக்கை, கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பி வர வாய்ப்பே இல்லை என்று தெளிவாகச் சொன்னது.


#3 செம்பருத்தி

இரண்டு பதிவுகளையும் படித்தேன். தகவல்களில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு ‘ஒரு கெட்ட மனிதர் வந்தார், நாடு கெட்டது’ என்று பதிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று சொல்லாமல் மொபுட்டுவைப் பேசக்கூடாது.

பெல்ஜியம் விட்டுப்போனபோது அந்தப் பெரிய நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோ நாட்டவர் இருபதுக்கும் குறைவு. அரசு என்று அங்கே இருந்தது மூன்றே விஷயங்கள்: சுரங்கம், தோட்டம், அவற்றுக்கு ஆள் பிடிக்கும் காவல். மக்களிடம் பேசி, சம்மதம் வாங்கி ஆளும் பழக்கம் அந்த நிர்வாகத்துக்கு ஒருநாளும் இருந்ததில்லை. விடுதலை கிடைத்து இரண்டு வாரம் ஆகவில்லை, 1960 ஜூலை 11 அன்று மாகாணத் தலைவர் ஷோம்பே தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கடாங்காவைத் தனி நாடு என்று அறிவிக்கிறார். பின்னால் பெல்ஜியப் படையும் ‘யூனியன் மினியேர்’ சுரங்க நிறுவனமும். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் லுமும்பாவை அதே கடாங்காவுக்கு அனுப்பி, 1961 ஜனவரி 17 அன்று கொன்றார்கள். லுமும்பாவை ஒழித்துவிட வேண்டும் என்று அமெரிக்க உளவுத்துறையும் திட்டம் போட்டிருந்ததை அந்நாட்டு செனட் குழுவே பின்னாளில் வெளியிட்டது. கடாங்கா பிரிவினையை முடிக்க ஐ.நா. படை போனது, அதில் இந்தியப் படைப்பிரிவும் சண்டையிட்டது.

அதாவது ‘மையம் கொஞ்சம் தளர்ந்தால் நாடு சிதறும்’ என்ற பயம் மொபுட்டு கற்பனையில் உருவாக்கியது இல்லை. கண்ணால் பார்த்தது. 1964-இல் நாட்டின் கிழக்குப் பாதி கலகக்காரர்கள் கையில் இருந்தது. மக்களில் பலர் 1965-இல் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம், கொல்வேசிக்குப் பிரெஞ்சுப் படை வந்தது என்று நூலகவாசி எழுதினார். 1977-இல் கொல்வேசி இருக்கும் அதே ஷாபா மாகாணத்தில் (பழைய கடாங்காதான், மொபுட்டு வைத்த புதுப் பெயர்) முதல் படையெடுப்பு வந்தபோது பிரான்ஸ் தன் விமானத்தில் மொராக்கோ வீரர்களைக் கொண்டுவந்து இறக்கியது. யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று தெரிந்த ஆட்சியாளர் எதற்கு நல்ல ராணுவம் கட்ட வேண்டும்? எதற்கு வரி வசூலை ஒழுங்குபடுத்த வேண்டும்? புளூமெந்தால் அறிக்கைக்குப் பிறகும் கடன் வந்துகொண்டேதான் இருந்தது. கொடுத்தவர்களுக்கு அங்கோலா யுத்தத்துக்கு ஒரு பின்தளம் வேண்டும். இந்தக் கணக்கில் மேற்கு நாடுகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.


#4 மேற்குவாசல்

செம்பருத்தி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மையம் சிதறிவிடுமோ என்ற பயம் எப்படி இரும்பும் கம்பியுமாக நின்றது என்பதற்கு ஒரு உதாரணம் தருகிறேன். நான் மின் பரிமாற்றத் துறையில் வேலை செய்பவன், அதனால் இது என் மனதை விட்டுப் போவதில்லை.

காங்கோ ஆறு கடலில் சேர்வதற்கு முன் இங்கா என்ற இடத்தில் பெரும் சரிவில் இறங்குகிறது. நீர்மின்சாரத்துக்கு உலகிலேயே மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. இங்கா முதல் நிலையம் 1972-இல், இரண்டாவது 1982-இல் தயாரானது. அந்த மின்சாரத்தை நாட்டின் மறு மூலையில் இருக்கும் ஷாபா தாமிரச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோக சுமார் 1,700 கி.மீ. நீளத்துக்கு ஒரு பாதை போட்டார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று.

இது நேர்மின்னோட்டப் பாதை, ஐந்து லட்சம் வோல்ட். நீண்ட தூரத்துக்கு இழப்பு குறைவு என்பதால் தொழில்நுட்ப ரீதியில் சரியான தேர்வுதான். ஆனால் மாறுமின்னோட்டப் பாதையாக இருந்தால் வழியில் ஒரு துணைமின் நிலையம் வைத்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். நேர்மின்னோட்டத்தில் அது முடியாது. இரண்டு முனையில்தான் மாற்றி நிலையம். நடுவில் இறக்க வேண்டுமென்றால் இன்னொரு மாற்றி நிலையம் கட்ட வேண்டும், அதற்குப் பெரும் செலவு. அதனால் பாண்டுண்டு, கசாய் பகுதிகளின் கிராமங்களுக்கு மேலே கம்பி போகிறது, கீழே விளக்கில்லை. கோபுரத்தின் இரும்புச் சட்டங்களைக் கழற்றிக் கொண்டுபோய் கட்டிலும் ஜன்னலும் செய்துகொண்டார்கள் ஜனங்கள். வேறு என்ன பயன் அவர்களுக்கு அந்தக் கோபுரத்தால்?

ஷாபாவில் நீர்மின்சாரம் இல்லாமலும் இல்லை. யூனியன் மினியேர் 1950களிலேயே லுவாலபா ஆற்றில் ந்சிலோ, ந்செக்கே அணைகளைக் கட்டியிருந்தது. இன்னும் விரிவாக்கியிருக்கலாம். அப்புறம் ஏன் 1,700 கி.மீ. கம்பி? ஷாபாவின் சுரங்கங்களுக்கான சுவிட்ச் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்பதும் ஒரு காரணம் என்று அப்போதே பலர் எழுதினார்கள். மறுபடி ஒரு ஷோம்பே கிளம்பினால் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். எனக்கும் அந்த விளக்கம்தான் பொருந்தி வருகிறது. திட்டச் செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போனது, நாட்டின் வெளிக்கடனில் பெரிய பங்கு இந்த ஒரு திட்டத்தால் வந்தது. பாதை தயாரானபோது தாமிரத்தின் நல்ல காலம் முடிந்திருந்தது. 1990-இல் கமோட்டோ சுரங்கம் இடிந்து விழுந்தது. 1980களில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன்னுக்கு மேல் தாமிரம் எடுத்த அரசு நிறுவனம் ஜெகாமின், 1990களின் நடுவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை.


#5 தர்க்கன்

எல்லாரும் தோல்வியைப் பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். ராணுவம் பிளந்து கிடந்தது, வரி வரவில்லை, கடை காலி. அப்படியென்றால் அவர் 1975-இலேயே விழுந்திருக்க வேண்டும். இன்னும் 22 ஆண்டு நீடித்தாரே? கட்டுப்பாடு இல்லாதவர் இவ்வளவு காலம் இருப்பாரா? அரசு நிர்வாகத்தின் கண்ணால் பார்த்து ‘தோல்வி’ என்கிறீர்கள். அவருடைய நோக்கமே பதவியில் இருப்பது என்றால் அவர் ஜெயித்தவர்தான்.

ங்குசா கார்ல்-இ-பாண்ட் கதையைப் பாருங்கள். ஷாபா மாகாணத்துக்காரர், திறமையான வெளியுறவு அமைச்சர். 1977-இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டு, சித்திரவதை, மரண தண்டனை. பிறகு மன்னிப்பு. 1979-இல் மறுபடி வெளியுறவு அமைச்சர், 1980-இல் பிரதமர். 1981-இல் நாட்டை விட்டுப் போய் மொபுட்டுவின் கொள்ளையை அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியமாகச் சொன்னார், புத்தகமும் எழுதினார். 1985-இல் திரும்பி வந்தார். 1986-இல் அதே அமெரிக்காவுக்குத் தூதர்! 1991-இல் மறுபடி பிரதமர். எதிரியைக் கொல்வதைவிட அவனைத் திரும்பத் தன் வாசலுக்கு வரவைப்பதில் மொபுட்டு கெட்டிக்காரர். யாருக்கும் பதவி நிரந்தரம் இல்லை, யாருக்கும் கதவு நிரந்தரமாக அடைபட்டதும் இல்லை. அப்படி இருக்கும்போது யார் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பார்கள்?

கேமரூனில் பால் பியா 1982 முதல் அதிபராக இருக்கிறார். 1984-இல் அதிபர் காவல்படையே கவிழ்க்கப் பார்த்தது, தப்பினார். பிறகு தனக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட விரைவுப் படை ஒன்றை இஸ்ரேலியப் பயிற்சியோடு வளர்த்தார். மொபுட்டு செய்த அதே வேலைகள்தான். நாடு உடையவில்லையே.


#6 நூலகவாசி

தர்க்கன் நண்பரே, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையின் நடு எலும்பு.

ங்குசா கதை அருமையான சாட்சி, ஆனால் எதற்குச் சாட்சி என்று பார்க்க வேண்டும். ஒரு அமைச்சர் எந்த நாளும் சிறைக்குப் போகலாம், எந்த நாளும் திரும்பி வரலாம் என்றால் அவர் பதவியில் இருக்கும் நாட்களில் என்ன செய்வார்? துறையை வளர்க்கமாட்டார், கிடைத்ததைச் சேர்த்துவைப்பார். அந்தச் சுழற்சிக்கு எரிபொருள் பணம். தாமிரமும் வெளிநாட்டுக் கடனும் இருந்தவரை சுழன்றது. 1990-இல் பனிப்போர் முடிந்ததும் பணம் நின்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று ஒரு கட்சி ஆட்சி முடிந்தது என்று அவரே கண்ணீரோடு அறிவித்தார். 17 நாள்தான் ஆகியிருந்தது, மே மாதம் 11-ஆம் தேதி இரவு லுபும்பாஷி பல்கலைக்கழக விடுதிக்குள் புகுந்து மாணவர்களைக் கொன்றார்கள். பெல்ஜியம் உதவியை நிறுத்தியது.

அவர் 22 ஆண்டு கூடுதலாக நீடித்தார் என்கிறீர்கள். எங்கே நீடித்தார்? 1990களில் பெரும்பாலும் வடக்கே க்பதோலித்தேயில், கான்கார்டு விமானம் இறங்கும் ஓடுதளம் கட்டிய தன் ஊரில். இல்லையென்றால் ஆற்றில் நின்ற தன் கப்பலில். தலைநகரில் கால் வைக்கத் தயங்கிய அதிபருக்கு நாடு கட்டுப்பட்டிருந்தது என்று எப்படிச் சொல்வது?


#7 இளவேனில்

நூலகவாசி அண்ணா, இதுவரை எல்லாரும் மேலிருந்தே பார்க்கிறீர்கள். கீழே மக்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். சர்வாதிகாரம் தடுமாறியதற்கு அவர்களும் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் நாணயம் பற்றியது. 1991 செப்டம்பரில் சம்பளம் கிடைக்காத பாராசூட் படையினர் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். மக்களும் சேர்ந்துகொண்டார்கள். அரசு என்ன செய்தது? நோட்டு அடித்துச் சம்பளம் கொடுத்தது. 1992 கடைசியில் 50 லட்சம் ஜயர் நோட்டு ஒன்று வந்தது. அதன் மதிப்பு ஒன்றிரண்டு டாலர். ஆட்சி மாற்றத்தைப் பேசக் கூடிய தேசிய மாநாடு பிரதமராகத் தேர்ந்தெடுத்த எதிர்க்கட்சித் தலைவர் சிசெகெடி, அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார். அவர் கையில் படை இல்லை, போலீஸ் இல்லை, வங்கிகூட இல்லை. ஆனால் வியாபாரிகள் அவர் பேச்சைக் கேட்டார்கள். சந்தையில் அந்த நோட்டை வாங்கவில்லை. 1993 ஜனவரியில் வீரர்களுக்கு அதே நோட்டில் சம்பளம். கடைக்குப் போனால் யாரும் வாங்குவதில்லை. துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார்கள். பிரெஞ்சுத் தூதரே குண்டடிபட்டு இறந்தார். அதிபர் சிறப்புப் படை வந்து தன் சொந்த நாட்டு வீரர்களைச் சுட்டு அடக்கியது. நீங்கள் முதல் பதிவில் சொன்ன இரண்டு ராணுவமும் அன்று தெருவில் நேருக்கு நேர் நின்றன.

அடுத்த கட்டம் இன்னும் வியப்பு. 1993 அக்டோபரில் ‘புதிய ஜயர்’ வந்தது. பழைய 30 லட்சத்துக்குப் புதியது ஒன்று. கசாய் மாகாணங்கள் இரண்டும் இதை ஏற்கவே இல்லை. சிசெகெடி கசாய்க்காரர், அதே காலத்தில் ஷாபாவில் தலைமுறைகளாக வாழ்ந்த கசாய் மக்களை ஆளுநரின் ஆட்கள் விரட்டியடித்தார்கள்; அந்த மக்கள் ரயில் நிலையங்களில் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். கோபம் உச்சத்தில் இருந்தது. பழைய நோட்டையே வைத்துக்கொண்டு ம்புஜிமாயி சந்தையில் வைரம் முதல் மரவள்ளி மாவு வரை வாங்கி விற்றார்கள். நோட்டு கந்தலாகிப் போனாலும் செல்லும். புதிதாக அடிக்க முடியாத பணம் என்பதால் அங்கே விலைவாசி நாட்டின் மற்ற இடங்களைப் போல எகிறவில்லை. நாடு முழுக்க 1994-இல் பணவீக்கம் 20,000 சதவீதத்தைத் தாண்டியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு அரசின் அதிகாரத்துக்கு நாணயத்தைவிடப் பெரிய அடையாளம் என்ன இருக்கிறது? இரண்டு மாகாணம் முழுசாக அதை மறுத்துவிட்டது, மொபுட்டுவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வடக்கு கிவுவில் புட்டெம்போ என்ற ஊர் இன்னொன்று. நாண்டே வியாபாரிகள் காபியையும் தங்கத்தையும் எல்லை தாண்டிக் கடத்தினார்கள், அந்தப் பணத்தில் பொருள் இறக்குமதி செய்தார்கள், தங்கள் லாரி போகத் தங்கள் சாலையைத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். கணக்கன் சொன்ன அந்தக் காலி அலமாரிகளை நிரப்பியது இவர்களைப் போன்றவர்கள்தான். சட்டப்படி குற்றம். ஆனால் அதில்தான் ஊர் பிழைத்தது. கின்ஷாசாவில் ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளம் ஒரு மூட்டை மரவள்ளிக்குப் போதாது என்றபோது மனைவி சந்தையில் ரொட்டியும் மீனும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். அரசு அவர்களிடமிருந்து விலகவில்லை, அவர்கள்தான் அரசை விட்டு விலகி நடந்தார்கள்.

வைரச் சுரங்க நிறுவனமும் திருச்சபையும் கைகொடுக்க, 1990களின் தொடக்கத்தில் ம்புஜிமாயியில் பல்கலைக்கழகம்கூட எழுந்தது.


#8 பழைய மாணவன்

இளவேனில் எழுதியதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. திருச்சபையைத் தொட்டதால் இதையும் சேர்க்கிறேன்.

மொபுட்டு நேரடியாக மோதிய மிகப் பெரிய அமைப்பு கத்தோலிக்கத் திருச்சபை. கிறிஸ்தவப் பெயர்களுக்கு வந்த தடையை எதிர்த்துப் பேசிய கர்தினால் மலூலா 1972-இல் சில மாதம் ரோமில் இருக்க வேண்டி வந்தது. 1974-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையை ரத்து செய்தார். அதே ஆண்டு கடைசியில் மிஷன் பள்ளிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. நாட்டின் பள்ளிகளில் மிகப் பெரும்பகுதி அவைதான். என்ன ஆனது? சம்பளப் பட்டியலும் கரும்பலகையும் சாக்குக்கட்டியும் கொடுக்க அரசால் முடியவில்லை. 1977-இல் ஒப்பந்தம் போட்டுப் பள்ளிகளைத் திருச்சபைகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். துப்பாக்கியை வைத்து ஒரு பள்ளியைப் பறிக்க ஒரு காலைப்பொழுது போதும். மறுநாள் அதை நடத்த வேண்டுமே!

மாணவர்களிடமும் அப்படியே. 1969 ஜூன் 4 அன்று ஊர்வலம் போன கின்ஷாசாவின் லோவானியம் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். 1971-இல் மறுபடி கிளம்பியபோது மொத்தமாகப் பிடித்து ராணுவத்தில் சேர்த்தார்கள். ஆனால் 1992 பிப்ரவரி 16 அன்று, தேசிய மாநாட்டை மறுபடி திறக்கச் சொல்லி ஞாயிறு பூசை முடிந்து செபமாலையோடு தெருவுக்கு வந்த மக்களைச் சுட்டுப் பலரைக் கொன்றபோது, அந்தக் கூட்டம் பயந்து ஒடுங்கவில்லை. இரண்டு மாதத்தில் மாநாடு திறந்தது. ஆகஸ்டில் அது சிசெகெடியைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயரைக் கேட்டுத்தான் ஜனவரியில் வியாபாரிகள் நோட்டை மறுத்தார்கள்.


#9 தர்க்கன்

இளவேனில், நாணயக் கதை எனக்குப் புதுசு. நன்றி. நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்: பதவியில் இருப்பதும் நாட்டை ஆள்வதும் வேறு வேறு. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சூடானில் அல் பஷீர் ராணுவத்தை நம்பாமல் டார்ஃபூர் ஆயுதக் குழுக்களை எடுத்து 2013-இல் அதிவிரைவு ஆதரவுப் படை ஆக்கினார். 2019-இல் அவர் விழுந்தபோது அந்தப் படை அவரைக் காப்பாற்றவில்லை. 2023 ஏப்ரல் 15 முதல் அதுவும் ராணுவமும் கார்ட்டூமையே யுத்தகளம் ஆக்கிவிட்டன. அப்படியென்றால் சர்வாதிகாரி போன பிறகும் அவர் பயன்படுத்திய வழிகள் போவதில்லையா? ஜயரில் 1997-க்குப் பிறகு என்ன ஆனது?


#10 நூலகவாசி

போகவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி.

கபிலா நாட்டுக்குக் காங்கோ என்ற பெயரைத் திரும்பக் கொடுத்தார். ஆனால் கட்சிகளின் செயல்பாட்டை நிறுத்திவைத்தார், எந்த ஆயுதமும் இல்லாமல் மொபுட்டுவை எதிர்த்து நின்ற சிசெகெடியையே 1998-இல் கைது செய்து சொந்த ஊருக்கு அனுப்பினார். மக்கள் பத்து ஆண்டு போராடி வளர்த்தது ஒன்றையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ராணுவமோ அவருடையதே இல்லை. தலைமைத் தளபதி ஜேம்ஸ் கபரேபே ருவாண்டாக்காரர்! 1998 ஜூலையில் அவரை நீக்கி, வெளிநாட்டுப் படைகளை வெளியேறச் சொன்னார். ஆகஸ்ட் 2 அன்று கிழக்கில் அடுத்த யுத்தம் தொடங்கிவிட்டது. கபரேபே கிழக்கு எல்லை நகரான கோமாவிலிருந்து விமானத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் மேற்குக் கோடியில் கிட்டோனா தளத்தில் இறங்கினார். அங்கே மறுபயிற்சிக்கு என்று அடைத்து வைத்திருந்த மொபுட்டுவின் பழைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். மொபுட்டுவும் சம்பளம் தரவில்லை, கபிலாவும் தரவில்லை, வேறென்ன செய்வார்கள்?

மேற்குவாசல் நண்பருக்கு இது முக்கியம்: அந்தப் படை அடுத்துப் பிடித்தது இங்கா அணையை. ஷாபாவை அடக்கக் கையில் வைத்திருந்த சுவிட்ச்சை வைத்துத் தலைநகரின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கின்ஷாசா நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது, மருத்துவமனைகள் உட்பட. அங்கோலாவும் ஜிம்பாப்வேயும் படை அனுப்பியதால்தான் கபிலா தப்பினார். 1978-இல் பிரான்ஸ் வந்தது, 1998-இல் அண்டை நாடுகள் வந்தன.

2001 ஜனவரி 16 அன்று கபிலாவை அவர் மாளிகையிலேயே அவருடைய மெய்க்காவலன் சுட்டுக் கொன்றான். சிறுவனாகப் படையில் சேர்க்கப்பட்டு, கிழக்கிலிருந்து அவரோடு வந்தவர்களில் ஒருவன்.

சூடானைப் பற்றி இங்கே இரண்டு வரியில் முடிக்க வேண்டாம் தர்க்கன். நீங்களே தனி இழை தொடங்குங்கள், டார்ஃபூரில் 2003-இலிருந்து ஆரம்பியுங்கள். நானும் கணக்கனும் வந்து எண்ணெய் வருமானம், தங்கச் சுரங்கம் இரண்டையும் எழுதுகிறோம்.